இடப்பக்கம் ஓடும் தூறல்

ஜூன் 4

ஓவியருக்கு,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். போன வருடம் "நலமா" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். "நலம்" என்று ஒரே சொல்லில் அட்டை போட்டாய். அந்த அட்டை கல்லாப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆகவே இதை வியாபாரக் கடிதமாகவே எடுத்துக்கொள்.

நம் 'தூறல்' வீடியோ கேமை மறுபடி வெளியிட ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து! ஒப்பந்தத்தில் விளையாட்டைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தது இது, சரியா என்று பார்:

'மழைக்கோட்டு போட்ட தூறல் என்ற சிறுமி மாடி மாடியாகத் தாவி, கொடியில் காயும் துணிகளை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக ஓடுகிறாள். இடப்பக்கத்திலிருந்து மழை துரத்திக்கொண்டு வருகிறது. நனைந்தால் ஆட்டம் முடிந்தது.'

கேம் பெட்டி புதிதாக வேண்டும், அதன் மேல் சிறுமியும் புதிதாக வேண்டும் என்கிறார்கள். அவர்கள் ஓவியர் வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தலை மூடியை எடுத்துவிட்டார்கள், முடி பறக்கிறது. வயது பதினைந்து இருக்கும். தொளதொள கோட்டு உடம்போடு ஒட்டிவிட்டது. நெஞ்சில் இருந்த 4 போய் நட்சத்திரம் வந்திருக்கிறது. சிரிக்கிறாள்.

உரிமைப் பத்திரத்தில் நம் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் நகராது. ஒப்பந்தப் பத்திரமும் உள்ளே இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுது. போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதில்லை.

இப்படிக்கு,
கடைக்காரன்

பி.கு.: ஓரத்தில் இருக்கும் நீலக் கறையைப் பார்த்து முகம் சுளிக்காதே. சட்டைப் பையில் பேனா ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை.


ஜூன் 13

கடைக்காரருக்கு,

போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். காகிதத்தில்தான் எனக்கு என்று ஒரு முறை வருகிறது. அதனால்தான் எடுப்பதில்லை.

படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். இங்கே அக்கா வீட்டில் எனக்கு வேறு மேசை கிடையாது. மருந்துப் பெட்டி லேபிளும் இதில்தான் வரைகிறேன். தட்டு வரும்போது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "யாருடி இது, பல் டாக்டர் விளம்பரமா?" என்றாள். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் வியாபாரக் கடிதம் என்கிறீர்கள், காரணம் தருகிறேன்.

நமக்கு அன்று திரையில் கிடைத்தது அகலத்தில் பதினாறு புள்ளி, உயரத்தில் பதினாறு புள்ளி. அதற்குள் ஒரு பிள்ளை ஓட வேண்டும். முடி வைத்தால் ஒவ்வொரு தாவலுக்கும் முடியை அசைக்க வேண்டும். அதனால் தலைக்கு மூடி வந்தது. கால் தெரிந்தால் கத்தரிக்கோல் நடப்பதுபோல் இருந்தது. அதனால் கணுக்கால் வரை கோட்டு. கண்ணுக்கு இரண்டு புள்ளி. வாய்க்கு இடமே இல்லை. நம் வீட்டில் இருக்கும் ஒரு வாயே போதும் என்று விட்டுவிட்டேன்.

வாய் இல்லாததால்தான் அவள் எல்லாருக்கும் வேண்டியவளானாள். தோற்றவனுக்கு அவள் அழுதாள், ஜெயித்தவனுக்குச் சிரித்தாள். இப்போது பல்லைக் காட்டி நிற்பவள், தோற்றவனைப் பார்த்தும் இளிப்பாள்.

4 நம்முடைய கதவு எண். அந்தக் குடியிருப்பில் எல்லார் துணியும் ஒரே மாடியில் காயும், மாறிப்போகாமல் இருக்க ஓரத்தில் எண் எழுதி வைப்போம். இவள் நம் வீட்டுப் பிள்ளை என்பதற்கு அந்த ஒரு அடையாளம்தான். நட்சத்திரம் யார் வீட்டு எண்?

கடைசியாக ஒன்று. பழைய பெட்டியின் மேல் அவள் இடப்பக்கமாக, மழை மேகத்துக்குள்ளே ஓடுகிறாள். நான் வரைந்து கொடுத்தவள் மழையை விட்டு வலப்பக்கமாக ஓடினாள். அச்சடிக்க மேகம் தனியாக ஒரு ஃபிலிம், அவள் ஒரு ஃபிலிம், எழுத்து ஒரு ஃபிலிம். அச்சகத்தில் அவளுடையதை மட்டும் தவறிப்போய்த் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். இந்தத் தடவை எந்தப் பக்கம்?

அதை எழுதிவிட்டுக் கையெழுத்து கேளுங்கள்.


ஜூன் 20

ஓவியருக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிப் பொண்ணிடம் பேசினேன். அவள்தான் இந்த வேலைக்குப் பொறுப்பு. மரியாதை தெரிந்தவள், ஆனால் பிடித்த பிடியை விட மாட்டாள். உன்னை மாதிரி என்று வைத்துக்கொள்.

"சார், இப்பவுள்ள பசங்களுக்கு ஒரு முகம் வேணும்."

"முகம் வேணும்னா கண்ணாடி வாங்கிக்கச் சொல்லும்மா."

"சார், நான் சீரியஸா பேசறேன்."

"நானும்தான். வரைஞ்சவங்க வாய் கூடாதுங்கறாங்க. அவங்க கூடாதுன்னா கூடாது. இருபது வருஷம் அனுபவப்பட்டவன் சொல்றேன்."

கடைசியில் தலை மூடி, கோட்டு, 4 மூன்றையும் திரும்ப வாங்கிவிட்டேன். வாயில் மட்டும் இழுபறி. நீயே வரைந்து கொடுத்தால் வாயையும் விட்டுவிடுகிறாளாம்.

பக்கம் பற்றிக் கேட்டாய். ஆடியவர்களுக்கெல்லாம் இடப்பக்கம் ஓடும் தூறல்தான் பழக்கம் என்கிறாள். அதுவும் உண்மைதானே? 'மழைக்குப் பயந்து ஓடுகிறவள் பெட்டி மேல் மட்டும் ஏன் மழைக்குள் ஓடுகிறாள்' என்று அந்த நாளில் மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். நீ உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் எழுதுவாய்: 'ஒரு சட்டையைக் கொடியிலேயே மறந்துவிட்டாள். எடுக்கப் போகிறாள்.' அச்சகத்துக் குறையை நிறையாக்கிக் கொடுத்தவள் நீ. ஆகவே இந்தத் தடவையும் இடப்பக்கமே இருக்கட்டும்.

உன் அக்காவின் இடுப்பு எப்படி? அறுவை முடிந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது நன்றாக நடக்கிறாள் என்று கேள்வி.

கடைக்காரன்


ஜூன் 27

கடைக்காரருக்கு,

அக்கா என்னைவிட வேகமாக நடக்கிறாள். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

அச்சகத்துக் குறை என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள்.

பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்.


ஜூலை 3

உனக்கு,

வெறுமையாகத் திரும்பி வந்த பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். புதுப் பெட்டியின் அட்டையும் அங்கேதான் அடிக்க வேண்டும் என்று கம்பெனியிடம் முன்பே சொல்லியிருந்தேன். தொழிலை இப்போது அச்சகக்காரரின் மருமகள் பார்க்கிறாள். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காது மந்தம், கண் அப்படியே இருக்கிறது. பழைய பெட்டியைக் கையில் கொடுத்தேன். மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இன்னும் நான்தான் குத்தவாளியா?" என்றார்.

சிரித்து மழுப்பினேன்.

"சிரிக்காதீங்க முதலாளி. உங்க வீட்டம்மா வந்து 'என்ன ஆச்சு'ன்னு கேட்டப்போ, 'ஆமாம்மா, என் கைத்தப்பு'ன்னேன். உங்களுக்காகத்தான். அதுக்கப்புறம் அவங்க எத்தனையோ தடவை வந்தாங்க. ஒரு தடவைகூட நிமிர்ந்து பேச முடியல. இப்ப நீங்க சொல்றீங்களா, நான் ஒரு கார்டு எழுதிப் போடட்டுமா?"

அவர் எழுதுவதற்கு முன் நான் எழுதுகிறேன். சிறுமியைத் திருப்பச் சொன்னவன் நான்தான்.

காரணம் சொல்கிறேன். அப்போது கடையில் உள்ளே நுழைகிறவருக்கு இடது கைப் பக்கம்தான் அலமாரி. நீ வரைந்தபடி வைத்தால் அவள் கடைக்குள்ளே பார்த்து ஓடுகிறாள், வருகிறவருக்கு முதுகைக் காட்டுகிறாள். பஸ் நிலையத்து வாசலில் மடக்கு மேசை போட்டு பேட்டரி விற்றவன் நான். வாடிக்கையாளருக்கு முதுகு காட்டினவன் பிழைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. திருப்பிவிட்டால் வாசலைப் பார்த்து ஓடிவருவாள். உன்னிடம் கேட்டால் முடியாது என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அட்டை வந்த அன்று உன் முகத்தைப் பார்த்தேன், வாயில் அச்சகத்தின் பெயர் வந்துவிட்டது.

வியாபாரமாகப் பார்த்தால் நான் செய்தது இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். உன்னிடம் செய்தது சரியில்லை. இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடாதே.

பத்திரம் என்னிடமே இருக்கிறது. கம்பெனி இன்னும் ஒரு மாதம் தந்திருக்கிறது.


ஜூலை 10

கடைக்காரருக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். அக்கா, "ஆறு வருஷத்துல அந்த மனுஷன் லெட்டருக்கு நீ சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

அட்டை வந்த அன்றே எனக்குத் தெரியும். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே தெரியும். ஃபிலிமைக் கைதவறித் திருப்பி வைத்தால் கோட்டின் மேல் இருக்கும் 4-உம் கூடவே திரும்பியிருக்க வேண்டும். அது நேராக இருந்தது. அதை மட்டும் யாரோ வெட்டி, நேராக்கி, விளிம்பு தெரியாமல் ஒட்டியிருந்தார்கள். கைதவறுகிறவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பாவம் அந்தப் பெரியவர். பொய்யிலும் அவருக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். என் கைத்தப்பு என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னபோது, "பரவாயில்லைங்க" என்று டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். முதல் மாதம் கோபத்தோடு காத்திருந்தேன். பிறகு கோபம் போய்விட்டது, காத்திருப்பது மட்டும் மிஞ்சியது. சாப்பிடும்போது, கடை பூட்டி வரும்போது, நீங்கள் தொண்டையைச் செருமினால் போதும், இதோ சொல்லப்போகிறார் என்று நினைப்பேன். 'மோர் இல்லையா' என்பீர்கள்.

சரி, அது முடிந்தது. இன்னொன்று இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் அக்காவின் அறுவைக்காக ஒரு மாதம் இங்கே வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நான் வரையும் அறையில் கூரை முட்டச் சரக்குப் பெட்டி. மேசை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. கட்டம் போட்ட என் நோட்டுகள் எங்கே என்றால், "பரண்ல பத்திரமா இருக்கு" என்கிறீர்கள். ஏன் இப்படி என்றால், "கிட்டங்கிக் கூரை ஒழுகிடுச்சு, வேற வழியில்ல" என்கிறீர்கள். பையைக்கூடப் பிரிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணலாம். உங்களுக்கு ஒரு தடவை அச்சகம், ஒரு தடவை கூரை.

கேட்டுவிடுகிறேன். கூரை ஒழுகியதா?


ஜூலை 16

ஒழுகவில்லை.

அந்த மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை.

நீ போன மறுநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். உன் அறைக் கதவு திறந்திருந்தது. எழுந்து போன வாக்கிலேயே நாற்காலி பாதி இழுத்துக் கிடந்தது. அதன் மெத்தையில் நீ உட்கார்ந்த பள்ளம். மேசை மேல் பென்சில் சீவல். பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள் வீட்டுக்கு வராமல் கடையிலேயே சாப்பிட்டேன்.

கடையில் எனக்கு ஒரு விதி உண்டு, உனக்கே தெரியும். அலமாரியில் காலித் தட்டு கண்ணில் படக் கூடாது. ஒன்று போனால் உடனே இன்னொன்றை வைத்து நிரப்பிவிட வேண்டும். வெறும் தட்டைப் பார்த்தால் வருகிறவனுக்கு மனசு விட்டுப்போகும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். நாலு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். அப்படியும் நாற்காலி தெரிந்தது. இன்னும் எட்டு வைத்தேன். ஜன்னல் தெரிந்தது. ஜன்னலைப் பார்த்தால் நீ தலையைச் சாய்த்து வரைவது நினைவுக்கு வந்தது. அதையும் அடைத்தேன். அப்படியே கூரை வரை போய்விட்டது.

நீ வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துடைத்து, பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ இரண்டு நாள் முன்னதாகவே வந்து நின்றாய்.

'உன் நாற்காலியைப் பாக்க முடியல' என்று நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. கூரை என்று சொன்னேன். கூரைக்கு வாய் கிடையாது, மறுத்துப் பேசாது.

நேற்றும் இன்றும் கடைக்குப் போகவில்லை. அறையைக் காலி செய்தேன். ஆள் வைக்காமல் நானே தூக்கினேன், முதுகு இப்போது என்னுடன் பேசுவதில்லை. உன் நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் தூறல் இருக்கிறாள், பதினாறுக்குப் பதினாறு. வாய் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து அழித்திருக்கிறாய். தடம் இன்னும் இருக்கிறது.

நாற்காலியை நீ விட்டுப்போன மாதிரியே பாதி இழுத்துப் போட்டிருக்கிறேன். வாசலில் நின்று பார்க்கிறேன். எதையும் கொண்டுபோய் நிரப்பவில்லை.

கையெழுத்துப் போட வேண்டாம். கம்பெனி போனால் போகட்டும். அவளை இளிக்க வைத்து விற்க எனக்கு மனசில்லை. உன்னைக் கேட்காமல் எதையும் விற்கவும் இனி மனசில்லை.


ஜூலை 25

கடைக்காரருக்கு,

பத்திரத்தை மறுபடி அனுப்பியிருந்தால் கையெழுத்துப் போட்டுத் திருப்பியிருப்பேன். அது உங்களிடமே இருக்கட்டும், நேரில் போடுகிறேன். படம் மட்டும் இத்துடன் வருகிறது. கம்பெனிப் பொண்ணிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டு மேசையில் வரைந்தது. மூன்று வேளையும் சுருட்டிச் சுருட்டி வைத்ததில் ஓரம் மடங்கியிருக்கிறது. ஒரு மூலையில் எண்ணெய் பட்டிருக்கிறது, அது அக்காவின் பங்கு. "இத எடுத்துக்கிட்டுக் கிளம்பு தாயே, நான் நிம்மதியா சாப்பிடணும்" என்று தினமும் விரட்டுகிறாள். விரட்டிவிட்டு எனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டு நாள் முன்னதாக வந்து நின்றாய் என்கிறீர்கள். ஏன் வந்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கு அப்போது இன்னும் துணை வேண்டியிருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்களிடம் முதலில் எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பெட்டிகளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. ஆறு வருடமாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. போன வாரம் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. 'கொஞ்சம் இளைச்சிட்டீங்க' என்று சொல்ல நினைத்திருந்தேன்.

வேலைக்கு வருகிறேன். தலை மூடி இருக்கிறது. கோட்டு தொளதொள. வாய் இல்லை. 4 இருக்கிறது. கையில் ஒரு சட்டை வைத்திருக்கிறாள். ஆட்டத்தில் எந்தக் கொடியிலும் இல்லாத சட்டை. பையில் நீலமாக மைக்கறை. யாருடையது என்று கம்பெனிப் பொண்ணு கேட்டால், கொடியில் விட்டுப்போனது என்று சொல்லுங்கள்.

அச்சுக்கு ஏறும் முன் ப்ரூஃப் நான் பார்க்க வேண்டும். தபாலில் வேண்டாம், வழியில் நிறம் மங்கும். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக அச்சகத்துக்குப் போய் முதலில் பெரியவரை நிமிர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் வீடு. நாற்காலியைத் துடைக்க வேண்டாம், நான் துடைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். இந்தத் தடவை யாரும் அவளைத் திருப்ப வேண்டாம். நானே இடப்பக்கம் பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன்.